எந்த வரேன்?

"தண்ணி விழுதாண்ணே?" என்பது முதல் கேள்வி. "சாப்பாடு கெடைக்குமாண்ணே?" என்பது இரண்டாவது. பச்சைமலை அடிவாரத்தில் டவுன் பஸ் திரும்புகிற வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. பஞ்சாயத்து போர்டில் நீல எழுத்தில் எழுதியும் இருக்கிறது. ஆனால் அரியலூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது 'குருவிப்பாழிக்குப் போற ஊர்', அவ்வளவுதான். பாறை குழிந்து தண்ணீர் தேங்கினால் இந்தப் பக்கத்தில் அதற்குப் பாழி என்று பெயர். மலையிலிருந்து வருகிற ஓடை படிபடியாகக் குதித்து அந்தப் பாழியில் விழும். ஐப்பசி மழை பிடித்தால் தை பிறக்கிற வரைக்கும் விழும். அப்புறம் பாறையில் வெள்ளைக் கோடு மட்டும் காயும்.

அருவிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற தர்மன் முதல் கேள்விக்கு இந்த வருஷமும் வாய் நிறையத்தான் பதில் சொன்னார். "ஜோரா விழுதுங்க. நேத்து மேல நல்ல மழ. போனீங்கன்னா எறங்கி வர மனசு வராது." இரண்டாவது கேள்வி வந்ததும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். வேர்க்காத முகத்தை.

"சாப்பாடு இல்லீங்க. வூட்டுல ஆளு இல்ல."

ஆள் ஓசூரில் இருந்தாள். மகள் பூங்குழலிக்குப் பிரசவம் பார்க்கச் சித்திரையில் போன அம்சவள்ளி இன்னும் திரும்பவில்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம். "அந்த மலையடில ராத்திரி வலி எடுத்தா யாருப்பா ஆட்டோ ஓட்டுவா? அம்மாவ இங்க அனுப்புங்க" என்று பூங்குழலி சொன்னாள், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டார்கள். பெயர் வைத்தார்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. பூங்குழலியின் லீவு முடிந்து அவள் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். குழந்தையைப் பார்க்க அம்சவள்ளி இருந்தாள். தர்மனைப் பார்க்க அவர் வளர்க்கிற நாலு ஆடும் ஒரு நாயும் இருந்தன.

அம்சவள்ளி ஓட்டல் ஒன்றும் வைத்திருக்கவில்லை. போர்டு கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. மலை ஏறுவதற்கு முன்னால் அவள் வாசலில் நின்று "எட்டுப் பேருக்கு சாப்பாடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னவர்கள் தலை மறைந்ததும் அவள் வேலை ஆரம்பிக்கும். அடுத்த தெரு செல்லதுரை நாட்டுக்கோழியை வாட்டி, மஞ்சள் தடவி, வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பான். இந்த மாவட்டத்துச் சின்ன வெங்காயத்தைக் கைப்பிடி கைப்பிடியாக உரிப்பாள். மல்லியும் மிளகாயும் மிளகும் வறுத்து அம்மியில் வைத்து அரைப்பாள். மிக்ஸி வாங்கிக் கொடுத்தால் அது அட்டைப் பெட்டியோடு பரண்மேல் இருந்தது. வேலிக்கருவ விறகில் குழம்பு கொதிக்கிற வாசனை பஸ் திரும்புகிற இடம் வரைக்கும் வரும். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசில் அடிப்பார்.

குழம்பு தயாராகிவிடும், ஆனால் சோறு மட்டும் வைக்க மாட்டாள். "அருவியில குளிச்சிட்டு நடுங்கிட்டு வரும் சனங்க. அதுங்களுக்கு ஆறுன சோத்தப் போடலாமா? கை வெச்சா சுடணும்" என்பாள். அதற்கு அவர்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது, அடிவாரம் தெரிகிற வழுக்குப்பாறையில் நின்று தர்மன் வாயைக் குவித்துக் கூப்பிடுவார். "வள்ளீஈ… ஒல!"

கீழேயிருந்து தட்டில் கரண்டி அடிக்கிற சத்தம் வரும். ரெண்டு தட்டு. ஒரு நிறுத்தம். அப்புறம் ஒரு தட்டு. அரிசி களைந்து போட்டாயிற்று என்று அர்த்தம். அவர்கள் இறங்கி வாசலுக்கு வருவதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். மேலே டவர் எடுக்காது என்பதற்காக ஆரம்பித்தது. பிறகு வந்தவர்களுக்கே அது ஒரு வேடிக்கையாகி, "அண்ணே, கூப்புடுங்கண்ணே, கூப்புடுங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த ஐப்பசியில் அருவி விழ ஆரம்பித்ததிலிருந்து தர்மன் வழுக்குப்பாறையைப் பேசாமல் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அரியலூரிலிருந்து பிரேம் என்று ஒரு பையன் போன் பண்ணினான். போன வருஷம் வந்து சாப்பிட்டவன். போன் பேசும்போதே சிரிப்பவன். "அண்ணே, ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வரோம். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுண்ணே. வூட்டுக்காரிகிட்ட அருவியப் பத்திகூட சொல்லல, அக்கா கோழிக்கொழம்பப் பத்தித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"சாப்பாடு இல்ல தம்பி. ஆளு ஊருல இல்ல."

"அய்யோ. அப்ப வேற எங்கயாவது போறோம்ணே."

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஓசூரிலிருந்து போன் வந்தது. அம்சவள்ளியின் போனை இடுப்பிலிருந்த பேத்தி பக்கெட் தண்ணீரில் தட்டிவிட்டாள். அதிலிருந்து பூங்குழலி வேலை முடிந்து வந்த பிறகு அவள் போனில்தான் பேச்சு. பக்கத்தில் மகள் இருப்பாள், மாப்பிள்ளை இருப்பார், டிவி ஓடும். என்ன பேச முடியும்? ஆடு மேய்ந்ததா, ஓட்டில் ஒழுகுகிறதா, சாப்பிட்டீர்களா. இவ்வளவுதான்.

"அரியலூருலேருந்து அந்தப் பிரேம் பய ஞாயித்துக்கெழம சாப்பாடு கேட்டான்," என்றார் தர்மன். "இல்லன்னுட்டேன்."

அந்தப் பக்கம் டிவியில் ஒரு விளம்பரம் ஓடி முடிந்தது.

"இல்லன்னா சொன்னீங்க?"

"வேற என்னா சொல்றது?"

"பாவம், ஆசையா கேட்டுருக்கும் அந்தப் புள்ள." பின்னால் குழந்தை சிணுங்கியது. "சரிங்க. வரேங்க."

போன் கட்டாகிவிட்டது.

தர்மன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இத்தனை மாசத்தில் ஒரு நாளும் அவள் இப்படி முடித்ததில்லை. "வெச்சுடவா?" என்று கேட்பாள். இவர் "ம்" என்பார். வைத்துவிடுவாள். இன்றைக்கு வரேங்க என்றாள். சாப்பாடு இல்லையென்று சொன்னதைக் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, வரேங்க என்றாள்.

அவர் பிரேமுக்குப் போன் போட்டார். "தம்பி, வேனத் திருப்பி இங்கயே வுடு. அக்கா வருது."

மறுநாள் காலை சுமதியின் டீக்கடையில் இது பெரிய விவகாரமாகிவிட்டது. வேப்பமரத்துக்கு எதிரே கடை. பாய்லர் பக்கத்தில் நின்றால் ஊரில் யார் பஸ் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்பது சுமதிக்குத் தெரியாமல் போகாது.

"அண்ணி வராங்களா! எப்பண்ணே?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருவா. நேத்து போன்ல வரேன்னு சொன்னா."

டீ ஆற்றிய கையை அந்தரத்திலேயே நிறுத்தினாள் சுமதி. "எப்பிடிச் சொன்னாங்க?"

"வரேங்கன்னா."

"பேச்சுக்கு நடுவுல சொன்னாங்களா, கடைசில சொன்னாங்களா?"

"கடைசிலதான்."

"அண்ணே…" டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "கடைசில சொல்ற வரேன் போயிட்டு வரேன்ங்குற வரேன்ணே. எங்கடைல டீயக் குடிச்சிட்டு எத்தன பேரு வரேம்மான்னு எந்திரிச்சிப் போறான். அத்தன பேரும் திரும்பி வந்திருந்தா நான் இந்நேரம் மாடி வூடு கட்டிருப்பேன்."

பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த செல்லதுரை விடவில்லை. "நீ சொல்றது நேருல பேசுறப்ப. போன்ல எவ வரேன்னு சொல்லிட்டு வெப்பா? வெச்சுடறேம்பாங்க. கட் பண்றேம்பாங்க. பட்டுன்னு வெச்சுட்டும் போவாங்க, எம் பொண்டாட்டி மாதிரி. போன்ல வரேன்னு சொன்னா வரான்னுதான் அர்த்தம். என்ன மச்சான்?"

"அப்பிடிச் சொல்லு," என்றார் தர்மன். டீ அன்றைக்கு அவருக்குத் தித்திப்பாக இருந்தது.

"ஒனக்குக் கோழி விக்கணும். நீ அப்பிடித்தான் சொல்லுவ," என்றாள் சுமதி.

"ஏன், நான் கோழிதான் வளக்குறேன். தமிழு எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, இவம் பேச்சக் கேக்காதீங்க. எந்த வரேன்னு ஒரு போன போட்டுக் கேட்டுடுங்க. முடிஞ்சுச்சு."

தர்மன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கேக்க வேணாம்."

கேட்டு ஒரு தடவை பட்டிருந்தார். தீபாவளிக்கு முன்னால், "எப்ப வருவ?" என்று அம்சவள்ளியிடம் கேட்டார். கேள்வி முடியவில்லை, போன் பூங்குழலி கைக்கு மாறிவிட்டது. "அப்பா, நான் இப்பத்தான் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்கேன். அம்மா போயிட்டா பாப்பாவ யாருகிட்ட வுடுறது? வேலைய வுட்டுடவா, சொல்லுங்க, வுட்டுடறேன்" என்று அழுதாள். இவர்கூடச் சேர்ந்து கரும்பு வெட்டப் போன அம்சவள்ளி, பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு வெட்டிய அம்சவள்ளி, அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்ததே இப்படி ஒரு வேலைக்குத்தான். என்ன சொல்ல முடியும்? "வேணாம் தாயி, அம்மா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை எடுத்ததே இல்லை. இப்போது கேட்டால், தானாக வருகிறவளையும் அங்கே நிறுத்திவிடுவார்கள். அவள் ரகசியமாகக் கிளம்புகிறாளோ என்னவோ. அதனால்தான் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். இப்படி யோசிக்க யோசிக்க அது உறுதியாகிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகினார். ஏழு மாசமாகக் காஸ் அடுப்பில் ரசமும் அப்பளமும்தான். விறகடுப்புக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அதைக் கெஞ்சிக் கூத்தாடி விறகுக் கொட்டகைக்குக் குடி மாற்றினார். வேலிக்கருவையை வெட்டி, மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடினார். அம்மியைக் கழுவி வைத்தார். சனிக்கிழமை பெரம்பலூர் போய் மல்லி, மிளகாய், நல்லெண்ணெய், புது வெங்காயம், வாழையிலைக் கட்டு, அவளுக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் மிக்சர் வாங்கினார். திரும்பி வந்து வெங்காயத்தை உட்கார்ந்து உரித்தார். கண் எரிந்தது. அவள் உரிக்கும்போது எரிவதில்லை என்பாள். பொய்யாக இருக்கும் என்று இப்போது தோன்றியது.

வியாழனும் வெள்ளியும் போனில் அவள் அதே வரேங்கவோடுதான் முடித்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஓசூரிலிருந்து போன் வரவில்லை. கிளம்பிவிட்டாள், அதான் வரவில்லை என்று செல்லதுரை சொன்னான். ராத்திரி பஸ் பிடித்தால் சேலம், ஆத்தூர், விடிய பெரம்பலூர், முதல் டவுன் பஸ். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல். மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே தர்மன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். பஸ் வந்தது. பால்கேன் இறங்கியது. ஒரு வாத்தியார் இறங்கினார். ஒரு கிழவி கோழிக்கூடையோடு ஏறினாள். அவ்வளவுதான்.

"அடுத்த பஸ்ஸுல வருவாங்க," என்றாள் சுமதி. அவளாகவே சொன்னாள்.

அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் வேன் வந்துவிட்டது. பாட்டுச் சத்தத்தோடு வந்து புளிச்சென்று சேற்றை அடித்து நின்றது. பிரேம் முதலில் குதித்தான். "அண்ணே! தண்ணி விழுதா?" பின்னாலேயே அவன் மனைவி சண்முகப்பிரியா, அவன் ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், மூக்கு ஒழுகுகிற ரெண்டு வாண்டுகள். "அக்கா எங்கண்ணே? கும்புட்டுட்டுப் போலாம்."

"வந்துட்டு இருக்கா தம்பி. பஸ்ஸுல வரா. நாம ஏறி எறங்குறதுக்குள்ள கொழம்பு கொதிச்சிரும்." சொல்லும்போது சுமதியைப் பார்க்காமல் சொன்னார். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார். "வந்தான்னா குடும்மா. கோழி வெட்டி உள்ள இருக்கு. வெங்காயம் உரிச்சிட்டேன். அரைக்குறது ஒண்ணுதான்."

"வரலன்னா?"

"வருவா."

மேலே போகிற பாதை முதலில் மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே போகும். பிறகு கல். அப்புறம் பாதையே ஓடைதான். மழை பெய்து மண் சிவப்பாகக் குழைந்து கிடந்தது. நண்பர்களில் ஒருவன் செருப்பைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்று கத்தினான். "டேய், இத போட்டோ எடுக்காதீங்கடா" என்று கத்தியதையும் சேர்த்து எல்லோரும் எடுத்தார்கள். "பாசி இருக்குற கல்லுல கால் வெக்காதீங்க, தண்ணி ஓடுற கல்லுல வெங்க. பாசிதான் வழுக்கும்" என்று தர்மன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். வாய் அதைச் சொன்னது. காது பஸ் ஹாரனுக்காகக் கீழேயே இருந்தது.

அருவி நன்றாகத்தான் விழுந்தது. மூங்கில் இடுக்கில் முதலில் சத்தம், பிறகு சாரல், பிறகு திடீரென்று வெள்ளையாக எதிரே நிற்கும். வாண்டுகள் சட்டையோடு பாழியில் இறங்கிவிட்டன. பிரேம் அருவிக்கு நேர்கீழே போய் நின்று ஊளையிட்டான். தர்மன் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார். இந்தச் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. கூப்பிட யாரும் இல்லாதவனுக்கு அது ஒரு வசதி.

சண்முகப்பிரியா தலையைத் துவட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்காவும் இங்கல்லாம் வருவாங்களாண்ணே?"

"அவளா? கல்யாணமான புதுசுல ஒரு தடவ கூட்டியாந்தேன்மா. அப்ப இந்தச் சாப்பாடெல்லாம் கெடையாது. பாழியில கால வெச்சிட்டு, என்னாங்க இப்பிடி ஊசி ஊசியா குத்துதுன்னா. அதோட சரி."

"அதுக்கப்புறம் வரவே இல்லயா?"

"தண்ணி விழுற அன்னிக்குத்தான ஆளுங்க வருவாங்க. ஆளு வந்தா அவ அடுப்படில இருக்கணும். தண்ணி விழாத அன்னிக்கு வந்து எதப் பாக்குறது?"

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். கட்டிக்கொண்டவளுக்கு மறுபடி ஒரு நாள் காட்டவில்லை. அவள் வந்ததும் ஒரு கிழமையில், ஆள் வராத கிழமையில், கூட்டிவர வேண்டும். சமையல் கிடக்கட்டும்.

இறங்கும்போது தூறல் நின்றிருந்தது. வழுக்குப்பாறைக்கு வந்ததும் பிரேம் எல்லோரையும் நிறுத்திவிட்டான். "இருங்க, இருங்க. இதான் அந்த எடம். பிரியா, போன எடு. அண்ணே, கூப்புடுங்க!"

கீழே வேப்பமரம் தெரிந்தது. கோழி மேய்வது தெரிகிற அளவுக்கு வாசல்கள் தெரிந்தன. தன் வீட்டு ஓட்டுக்கு மேலே புகை வருவதைத் தர்மன் பார்த்தார். வேலிக்கருவப் புகை. காஸ் அடுப்பு புகையாது. சாவி கை மாறியிருக்கிறது. அடுப்பு எரிகிறது.

வாயைக் குவித்தார். ஏழு மாசமாகக் கூப்பிடாத குரல் முதலில் கரகரத்தது. இருமிவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"வள்ளீஈ… ஒல!"

மலை அதைத் திருப்பிச் சொல்லியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாண்டு "என்னம்மா" என்றது, அதன் வாயைப் பொத்தினார்கள்.

டண்டண்டண்டண்டண்டண்.

"வந்துருச்சு!" என்று பிரேம் குதித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். "சூப்பர்ணே! இன்னொரு தடவ கூப்புடுங்கண்ணே, வீடியோ ஆடிருச்சு."

தர்மன் கூப்பிடவில்லை. கோயில் மணி மாதிரி நிறுத்தாமல் அடிபட்ட தட்டு அது. யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்சவள்ளி ரெண்டு தட்டுவாள். நிறுத்துவாள். ஒன்று தட்டுவாள்.

மீதிப் பாதையில் அவர் பாசிக்கல்லைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரே ஒரு இடத்தில் வழுக்கினார்.

சுமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் கரியாக வாசலில் நின்றாள். டீக்கடையைச் செல்லதுரையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் அங்கே டீ என்று எதையோ போட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு பஸ்ஸு பாத்தேன்ண்ணே," என்றாள் மெதுவாக. "இதுக்கு மேல கோழி கெட்டுரும்னு நானே வெச்சுட்டேன். அரைக்கத் தெரியல. பரணுல மிக்ஸி இருந்துச்சு. எடுத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

"தப்பா நெனைக்குறதுக்கு என்னா இருக்கு. நீ இல்லன்னா நான் மூஞ்ச எங்க வெச்சிக்குறது?"

"தட்டு எப்பிடித் தட்டணும்னு தெரியலண்ணே. காதுல கேட்டது, சரி தட்டுவோம்னு தட்டிட்டேன்."

"அது போதும்மா."

இலை போட்டார்கள். ஈரத் தலையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். சோறு சுட்டது. அது ஒன்றைச் சுமதி சரியாகச் செய்திருந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதன் மேல் குழம்பு. பிரேம் முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். தர்மன் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார்.

"அதே டேஸ்டுண்ணே!" என்றான் பிரேம். "நான் சொன்னேன்ல பிரியா? அம்மியில அரைச்சா தனி. மிக்ஸில இதெல்லாம் வராது."

உள்ளே சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருஷம் இவன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதை அம்சவள்ளி எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையும் இன்னொரு கையும் இவன் நாக்குக்கு ஒன்றாகத்தான் இருந்தன. வித்தியாசம் தெரிகிற ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தபோது, இந்த வாசல் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, தர்மனுக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்தது.

"அக்காவக் கூப்புடுங்கண்ணே, சொல்லிட்டுப் போறோம்."

"அது… வரலப்பா. பஸ்ஸு சரிப்படல. நம்ம சுமதிதான் செஞ்சா."

பிரேம் ஒரு நிமிஷம் முழித்தான். நல்ல பையன், சட்டென்று சமாளித்துக்கொண்டான். "அப்ப ரெண்டு அக்காவுக்கும் கும்புடுண்ணே."

வேன் கிளம்பும்போது ஜன்னலுக்கு ஜன்னல் கை நீண்டது. "வரோம்ணே!" "வரேங்க!" "அண்ணே வரோம்!" வாண்டுகள்கூட வரேன் என்று கத்தின.

"வாங்க, வாங்க," என்று தர்மன் சேற்றில் நின்று கையாட்டினார்.

இலைகளை எடுத்துப் போட்டு, வாசலைக் கூட்டி, சட்டிகளைக் கழுவியதும் சுமதி அவருக்கென்று ஒரு தட்டில் சோறு எடுத்து வைத்தாள். அவர் அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னார். அவள் போனதும் நாய்க்குப் போட்டார். நாய் குறை சொல்லாமல் தின்றது.

பொழுது சாயும்போது போன் வந்தது.

"நேத்து பேசவே முடியலங்க. இவ லேட்டா வந்தா. சாப்ட்டீங்களா?"

"ம்."

"இன்னிக்கு ஆளுங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. பிரேம் வந்தான். பொண்டாட்டியோட."

"வந்துச்சா! சாப்பாடு?"

"சுமதி செஞ்சா."

"சுமதியா?" குரலில் ஒரு சின்ன அடி விழுந்தது. "எப்பிடி இருந்துச்சாம்?"

"நல்லாருக்குன்னாங்க." அப்புறம், "மிக்ஸில அரைச்சா" என்றார்.

"மிக்ஸிலயா? கசந்திருக்குமே."

"யாருக்கும் தெரியல."

"ஒங்களுக்கு?"

"நான் இன்னும் திங்கல."

அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்தார்கள். "ஒலைக்குக் கூப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கூப்ட்டேன்."

"யாரு தட்டுனா?"

"அவதான். தீ புடிச்சாப்ல தட்டுனா. நிறுத்தவே இல்ல."

அம்சவள்ளி சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு. அதற்குள் பின்னால் குழந்தை அழுதது. "அம்மா, பாப்பாவக் கொஞ்சம் பாரு" என்று பூங்குழலியின் குரல். "தோ" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு இவரிடம் சொன்னாள்: "சரிங்க. வரேங்க."

"வள்ளி, இரு."

"என்னாங்க?"

"போன்ல வரேன்னு சொல்லாத."

"ஏங்க?"

"வெச்சுடறேன்னு சொல்லு."

"அது ஒண்ணும் இல்லீங்க. இங்க சம்மந்தியம்மா வந்து ஒரு வாரமா இருக்காங்க. நான் வெச்சுடறேன்னு சொன்னத கேட்டுட்டு, என்னாங்க இது, மூஞ்சில அடிச்சாப்ல, கட்டுன புருஷங்கிட்ட போயி வெச்சுடறேன்னு, வரேன்னு சொல்லுங்கன்னாங்க. அதான் நானும் புதன்கெழமையிலேருந்து…"

அவள் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

வேப்பமரத்தடிக்குக் கடைசி பஸ் வந்து, யாரையும் இறக்காமல், திரும்பியது. அதன் வெளிச்சம் வாசல் வழியாக வந்து மெழுகின அடுப்பைத் தொட்டுவிட்டுப் போனது.

"ஏங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. "நீங்க சாப்பாடு இருக்குன்னு சொன்னது… அதுக்கா?"

"செல்லதுரதான் சொன்னான். போன்ல வரேன்னு சொன்னா வரான்னு அர்த்தம்னு."

"அவங் கெடக்கான்." மூக்கை உறிஞ்சினாள். "பஸ்ஸுக்கு நின்னீங்களா?"

"தூறல்தான். நனையல."

"அம்மா!" என்று மறுபடி பூங்குழலி. குழந்தை வீறிட்டது. போன் நகர்ந்தது, புடவை உரசியது, நடந்தது, ஏதோ கதவு திறந்தது. அம்சவள்ளி வரேன் என்றும் சொல்லவில்லை, வெச்சுடறேன் என்றும் சொல்லவில்லை. தர்மனும் வைக்கவில்லை. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுப்படி போலிருக்கிறது.

பிறகு மிகச் சின்னதாக, தட்டில் கரண்டி.

ரெண்டு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. "பாத்தியா, தங்கத்துக்கு இது புடிக்குது" என்று பக்கத்தில் யாரோ வயசான பெண்குரல் சொன்னது. சம்பந்தியம்மாவாக இருக்கும். மறுபடியும் கேட்குமா என்று அவர் போனைக் காதோடு அழுத்தினார். லைன் போய்விட்டிருந்தது.

மேலே இருட்டுக்குள் அருவி விழுகிற சத்தம் கேட்டது. பகலில் இவ்வளவு தூரம் கேட்காது.

எழுந்து உள்ளே போனார். காஸ் அடுப்பைத் தொடவில்லை. விறகடுப்பில் சாம்பலைக் கிளறி, மீதியிருந்த கங்கை ஊதி, சுள்ளி வைத்து, உலை ஏற்றினார். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து போட்டார்.